ஓடிபி வருவது பிள்ளையின் கைக்குத்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இணையத்தில் குழந்தைகளைப் பாதுகாக்க அரசு எடுத்துவரும் முயற்சிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளையும் கட்டுரைகளையும் தொடர்ந்து படித்துவருகிறேன். பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சமூக ஊடகத்தைத் தடை செய்யலாமா, கூடாதா என்ற விவாதத்தில் வழக்கறிஞர்களும் மனநல மருத்துவர்களும் ஆசிரியர்களும் எழுதிவிட்டார்கள். பிள்ளைகளுக்குக் கணக்கைத் தொடங்கிக் கொடுப்பவர்கள் மட்டும் இதுவரை வாய் திறந்ததாகத் தெரியவில்லை. நான் தென்காசி மாவட்டத்தில், ஒரு பேருந்து நிலையத்தை ஒட்டி, பதினேழு ஆண்டுகளாகக் கைபேசி விற்பனையும் சர்வீஸும் செய்துவருபவன். எங்கள் பகுதிப் பிள்ளைகள் பலருடைய முதல் இணையக் கணக்கு என் கடை மேசையில்தான் தொடங்கப்பட்டது என்பதால் இந்த விஷயத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மற்றவர்களைப் பற்றிப் பேச முடியும்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரத்தில்தான் எங்களிடம் பழைய செட்டுகள் அதிகம் விற்கும். கொரோனா ஊரடங்கில் வகுப்புகள் கைபேசிக்கு வந்தன. பள்ளி திறந்த பிறகும் வீட்டுப்பாடம், தேர்வு அட்டவணை, மழை விடுமுறை எல்லாம் வாட்ஸ்ஆப் குழுவிலேயே தங்கிவிட்டன. பீடி சுற்றிச் சேர்த்த நாலாயிரம் ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு, ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஒரு தாய் வருவார். செட்டைத் தேர்ந்தெடுத்து, டெம்பர் கிளாஸ் ஒட்டி, சிம்மைப் போட்டு, மின்னஞ்சல் கணக்கு தொடங்கும் இடத்துக்கு வந்ததும் திரை பிறந்த தேதியைக் கேட்கும். உண்மைத் தேதியைப் போட்டால், பிள்ளைக்குப் பதின்மூன்று வயது ஆகவில்லை என்று கண்டுகொண்டு, பெற்றோரின் மின்னஞ்சல் முகவரியைக் கேட்டு அது நின்றுவிடும். அந்தத் தாய்க்கு மின்னஞ்சல் முகவரி கிடையாது. வெளியே பேருந்து உறுமிக்கொண்டிருக்கும், மேசைக்கு முன்னால் இன்னும் நான்கு பேர் நிற்பார்கள். என் கடைப் பையன் யாரையும் கேட்காமல் 1-1-2000 என்று போட்டுவிட்டு அடுத்த திரைக்குப் போய்விடுவான். இப்படி, எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளில் பாதிப் பேர் புத்தாயிரத்தின் முதல் நாளில் பிறந்தவர்களாகிவிட்டார்கள். அந்தத் தேதியை இட்டபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அதில் தவறு இருக்கிறது என்று பல ஆண்டுகள் எனக்கு உறைக்கவே இல்லை.

உறைத்தது, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிப் படித்த பிறகுதான். 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற இந்தச் சட்டம், பதினெட்டு வயது நிறையாத எவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அதன் 9-ஆம் பிரிவு, குழந்தையின் தரவைக் கையாளும் முன் பெற்றோரிடம் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைப் பெற வேண்டும் என்றும், குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது என்றும் சொல்கிறது. மீறும் நிறுவனத்துக்கு 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 2025 நவம்பரில் இதற்கான விதிகளும் வந்துவிட்டன. ஒப்புதல் தொடர்பான கடமைகள் நடைமுறைக்கு வருவதற்குப் பதினெட்டு மாத அவகாசம் கொடுத்திருப்பதால், 2027 மே மாதம் வரை அவை யாரையும் கட்டுப்படுத்தாது. சட்டத்தின் நோக்கத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் அதன் பாதுகாப்பு முழுவதும் தொங்குவது ‘பெற்றோர் ஒப்புதல்’ என்ற ஒற்றை ஆணியில். அந்த ஆணி எங்கள் வீடுகளின் சுவரில் எப்படி நிற்கும் என்பதை விதி எழுதியவர்கள் பார்த்ததாகத் தெரியவில்லை.

விதிகளின் 10-ஆவது விதியைப் படித்துப் பாருங்கள். அதில் விளக்கத்துக்காகக் கொடுக்கப்பட்டிருக்கும் எடுத்துக்காட்டுகள், ‘நான் குழந்தை’ என்று பிள்ளையே நிறுவனத்திடம் சொல்வதில் தொடங்குகின்றன. அல்லது பெற்றோர் தாமாக முன்வந்து, தம் பிள்ளைக்குக் கணக்கு வேண்டும் என்று கேட்பதில் தொடங்குகின்றன. 1-1-2000 என்று தேதியிட்ட பிள்ளை அந்த விதிக்குள் நுழையவே நுழையாது. சரி, ஒரு நேர்மையான பிள்ளை உண்மையைச் சொல்லிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நிறுவனம் சரிபார்க்க வேண்டியது, பெற்றோர் என்று தம்மைச் சொல்லிக்கொள்பவர் பதினெட்டு வயது நிறைந்தவரா, அடையாளம் காணத்தக்கவரா என்பதை மட்டும்தான். அவர் அந்தப் பிள்ளையைப் பெற்றவர்தானா என்பதற்கு விதி எந்தச் சான்றையும் கேட்கவில்லை. பக்கத்துத் தெரு அண்ணன் ‘நான்தான் அப்பா’ என்று சொல்லி ஒப்புதல் கொடுக்கலாம். பிள்ளையை இணையத்தில் வளைத்துப் பிடிக்க நினைக்கும் இருபத்தைந்து வயதுக்காரனும் கொடுக்கலாம். அவனுக்கும் ஆதார் இருக்கிறது, அவனும் வயது வந்தவன்.

இதைவிடச் சாதாரணமான ஓட்டை ஒன்று உண்டு. கடைக்காரன் என்ற முறையில் அதை நான் தினமும் பார்க்கிறேன். நம் நாட்டில் பதினெட்டு வயது நிறையாதவர் பெயரில் சிம் கார்டு கொடுக்கக் கூடாது. ஆகவே, பிள்ளை பயன்படுத்தும் எண் தாயின் பெயரிலோ தந்தையின் பெயரிலோதான் இருக்கும், செட்டு பிள்ளையின் கையில் இருக்கும். நாளைக்கே ‘பெற்றோரின் எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம்’ என்று ஒரு செயலி சொன்னால், அந்த ஆறு இலக்கம் ஒளிரப்போவது அதே திரையில்தான். தாய் தனியாக ஒரு செட்டு வைத்திருக்கும் வீட்டிலும், அதில் கேஸ் பதிவு செய்வதும், நூறு நாள் வேலைச் சம்பளம் வந்துவிட்டதா என்று பார்ப்பதும், திரைப்பூட்டின் கோலத்தைப் போட்டுத் திறந்து தருவதும் பிள்ளைதான். ஓடிபி எங்கே வந்திருக்கிறது என்பதைப் பெற்றோருக்குக் காட்டிக்கொடுப்பதே பிள்ளையாக இருக்கும் வீட்டில், ஒப்புதல் யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கிராமப்புறக் கல்வி நிலையை ஆராயும் அசர் அறிக்கை 2024-இல் இதை எண்ணிக் காட்டியிருக்கிறது. பதினான்கிலிருந்து பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரியும். கணக்கெடுப்புக்கு முந்தைய வாரத்தில் அதைப் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் 57 விழுக்காடு, சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காடு. சமூக ஊடகத்தில் இருக்கும் இந்தப் பிள்ளைகளில், ஒரு கணக்கை முடக்கவோ புகார் செய்யவோ தெரிந்தவர்கள் 62 விழுக்காடு. தம் பக்கத்தைப் பிறர் பார்க்காதபடி மூடி வைக்கத் தெரிந்தவர்கள் 55 விழுக்காட்டை ஒட்டியவர்கள். அதாவது, வாசல் கதவைத் தாழ்ப்பாள் போடத் தெரியாத பிள்ளைகளே பாதிக்குப் பாதி இருக்கிறார்கள். இந்த ஓர் அளவை வைத்துக்கொண்டுதான் நான் அடுத்து வருவதைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலை, பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருவரும் அவருடைய தாயும் கடைக்கு வந்தார்கள். கூட்டம் கலையும் வரை கவர் மாட்டியிருந்த அடுக்கின் ஓரமாகவே நின்றார்கள். பிறகு தாய் செட்டை நீட்டி, “அண்ணாச்சி, இந்த ஐடிய அழிச்சுத் தர முடியுமா?” என்று கேட்டார். ஒரு சமூக ஊடகத்தில் அந்தப் பெண்ணின் பெயரிலேயே யாரோ போலிக் கணக்கைத் தொடங்கியிருந்தார்கள். பள்ளி ஆண்டு விழாவில் பாவாடை தாவணியில் எடுத்த படம், சித்தி மகள் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தது. அதிலிருந்து முகத்தை மட்டும் எடுத்து வேறோர் உடலோடு பொருத்தியிருந்தார்கள். அந்தக் கணக்கிலிருந்து வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் நட்பு வேண்டுகோள் போயிருந்தது. “இவ அப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்ப நிறுத்திருவாங்க” என்றார் தாய். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. உடைந்த திரைகளைப் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் கைபேசியிலிருந்தும் கடைப் பையனின் கைபேசியிலிருந்தும் அந்தக் கணக்கின் மீது புகார் செய்தோம். மறுநாள், தங்கள் விதிமுறைகளை அந்தக் கணக்கு மீறவில்லை என்று ஓர் இயந்திர பதில் வந்தது. காவல் நிலையத்துக்குத் தாயுடன் என் மனைவியும் போனார். சைபர் பிரிவு மாவட்டத் தலைநகரில்தான் இருக்கிறது என்று சொன்னதுகூடப் பரவாயில்லை, “போட்டோவ ஸ்டேட்டஸ்ல வைக்காம இருந்தா இது வந்திருக்குமா?” என்று அங்கே ஒருவர் கேட்டதைத்தான் அந்தத் தாய் இன்றும் சொல்லிக் காட்டுகிறார். பதினோராவது நாள் கணக்கு மறைந்தது. யார் அழித்தார்கள், எந்தப் புகாரின் பேரில் என்பது எங்களுக்குத் தெரியாது. அந்தப் பதினொரு நாளும் பெண் பள்ளிக்குப் போகவில்லை. அரையாண்டுத் தேர்வு அதற்குள் வந்து போய்விட்டது.

இவ்வளவும் நடந்து முடிந்த பிறகு, எங்கள் பக்கம் என்னென்ன சட்டங்கள் இருந்தன என்பதைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க வேதனையாக இருந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2021-இல் வந்த விதிகள், நிர்வாணத்தைக் காட்டும் படத்தையோ ஒட்டுவேலை செய்த இத்தகைய படத்தையோ பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால், 24 மணி நேரத்துக்குள் அதை நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று நிறுவனங்களுக்குக் கெடு வைத்தன. அவர் சார்பில் வேறொருவர் புகார் செய்தாலும் போதும். ஆக, நானே முறைப்படி அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதியிருக்கலாம். செயலியில் மூன்று புள்ளியைத் தொட்டுச் செய்யும் புகாருக்கும், குறைதீர் அலுவலருக்கு அனுப்பும் புகாருக்கும் வேறுபாடு உண்டு என்பது பதினேழு ஆண்டு இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கே தெரியவில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012-இல் வந்த போக்சோ சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தம், உருமாற்றி உண்டாக்கிய படத்தையும் குற்றத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது. அதே சட்டத்தின் 24-ஆவது பிரிவுப்படி, பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோதான் பதிவு செய்ய வேண்டும். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியே பதிவு செய்ய வேண்டும், அப்போது அவர் சீருடையில் இருக்கக் கூடாது. சீருடை கூடாது என்று எழுதும் அளவுக்கு 2012-லேயே யோசித்திருக்கிறார்கள்.

பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட காலத்தில் எடுக்கப்பட்ட அந்தரங்கப் படங்கள் பரவாமல் தடுக்க, ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை ஒன்றை அமெரிக்காவின் காணாமற்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் 2023-லிருந்து நடத்துகிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. அதிலிருந்து கைரேகை போன்ற ஓர் எண் கோவையைக் கைபேசியே கணக்கிட்டு, அந்த எண்ணை மட்டும் அனுப்பும். சேவையில் சேர்ந்துள்ள தளங்கள் அந்த எண்ணோடு ஒத்துப்போகும் படத்தைத் தேடி நீக்கும். யாரிடமும் முகம் காட்டாமல், பெயர் சொல்லாமல் ஒரு பிள்ளை தானே செய்துகொள்ளக்கூடிய காரியம் இது. இதைப் பற்றி எங்கள் ஊர்ப் பள்ளிகளில் ஒருவராவது பேசியிருந்தால் நானும் கேள்விப்பட்டிருப்பேன்.

அதே மாதத்தில் எங்கள் கடைவீதியில் ஓர் அரிசிக் கடைக்காரர், பார்சல் வந்திருப்பதாகச் சொன்ன மோசடிக்காரனிடம் நாற்பதாயிரம் ரூபாயை இழந்தார். இணையப் பண மோசடிக்கான உதவி எண்ணான 1930-ஐ அழைத்தார், அன்று மாலைக்குள் அதில் ஒரு பகுதி வங்கியில் நிறுத்தி வைக்கப்பட்டது. பணம் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு ஓடும்போது அதை நடுவழியில் பிடிக்க, வங்கிகளையும் காவல்துறையையும் ஒரே வலையில் இணைத்து மத்திய உள்துறை அமைச்சகம் 2021-இல் ஓர் ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. நல்ல ஏற்பாடு, நன்றாகவே வேலை செய்கிறது. மணிக்கணக்கில் ஓடும் பணத்தைப் பிடிக்கத் தெரிந்த அரசுக்கு, ஒரு பெண்ணின் படத்தைப் பிடிப்பது தெரியாத வித்தை அல்ல. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது, பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம். 1098 குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது. ஆனால் 1930-க்குப் பின்னால் வங்கிகள் கட்டப்பட்டிருப்பதைப் போல, இந்த வழிகளுக்குப் பின்னால் சமூக ஊடக நிறுவனங்கள் கட்டப்பட வேண்டும். புகார் விழுந்த அந்த மணியிலேயே படம் நிறுத்தி வைக்கப்பட வேண்டும். உண்மையா பொய்யா என்பதைப் பிறகு ஆராய்ந்துகொள்ளலாம். தவறாக நிறுத்திய படத்தைத் திரும்பப் போட்டுவிட முடியும்.

நிறுவனங்களைக் கட்டுவதற்குச் சட்டத்தில் இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, நம் அம்பத்தூர் மகளிர் காவல் நிலையத்தில் பதிவான ஒரு வழக்கிலிருந்து எழுந்தது. குழந்தைகளின் ஆபாசப் படத்தைத் தன் கைபேசியில் வைத்திருந்த ஒருவர் மீதான வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்ததை, அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதி ஜே.பி. பார்திவாலா ஆகியோர் அடங்கிய அமர்வு மாற்றியது. இத்தகைய படங்களைக் குறிக்க ‘ஆபாசம்’ என்ற சொல்லையே நீதிமன்றங்கள் பயன்படுத்தக் கூடாது, அவை குழந்தையைச் சுரண்டியதற்கும் வதைத்ததற்கும் சாட்சி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. கூடவே, இணைய நிறுவனங்கள் ‘டேக் இட் டவுன்’ நடத்தும் அதே அமெரிக்க மையத்துக்குத் தகவல் அனுப்பிவிட்டோம் என்று கைகழுவிவிட முடியாது, போக்சோ சட்டப்படி இங்குள்ள காவல்துறைக்கும் தெரிவித்தாக வேண்டும், தெரிவிக்காவிட்டால், பிறர் பதிவிடுவதற்குத் தாம் பொறுப்பல்ல என்ற சட்டப் பாதுகாப்பை இழப்பார்கள் என்றும் சொன்னது. அந்த அமெரிக்க மையத்துக்கு 2023-இல் மட்டும் உலகெங்கிலுமிருந்து 3.6 கோடிக்கும் மேற்பட்ட தகவல்கள் வந்தன. அவற்றில் ஏறத்தாழ 89 லட்சம் இந்தியா தொடர்பானவை. ஒரே படம் பலரால் பகிரப்பட்டதும் இதில் சேரும் என்றாலும், சிறிய எண்ணிக்கை அல்ல இது.

ஆஸ்திரேலியாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏனெனில், 2025 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வே, அந்நாட்டைப் போல நாமும் சட்டம் இயற்றுவதை மத்திய அரசு ஆராயலாம் என்று கருத்துத் தெரிவித்தது. அதே மாதம் 10-ஆம் தேதி முதல் அங்கே பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் இன்ஸ்டாகிராம், யூடியூப், ஸ்னாப்சாட், டிக்டாக் போன்ற தளங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. முழுத் தடை எங்களைப் போன்ற ஊர்களுக்குப் பொருந்துமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு: ஒரு செட்டை நான்கு பேர் பயன்படுத்தும் வீட்டில் பிள்ளை பார்ப்பது தாயின் கணக்கில் என்பதால், கணக்கைத் தடுக்கும் சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளை படாது. ஆனால் அந்தச் சட்டத்திலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. அங்கே பெற்றோர் ஒப்புதல் கொடுத்தாலும் செல்லாது. மீறினால் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை கிடையாது. தடுக்க நியாயமான நடவடிக்கை எடுக்காத நிறுவனத்துக்குத்தான் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பொறுப்பு யாருடையது என்பதில் அவர்கள் குழப்பிக்கொள்ளவில்லை. நம் சட்டமோ, ஒப்புதல் என்ற பெயரில் அந்தப் பொறுப்பை மடித்து, பீடித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தாயின் கையில் கொடுக்கிறது. நாளைக்கு ஏதாவது நடந்தால், ‘நீங்கள்தானே ஒப்புதல் கொடுத்தீர்கள்’ என்று நிறுவனம் எடுத்துக் காட்ட ஒரு பதிவு இருக்கும்.

என் யோசனை எளியது. பிள்ளையின் வயதைக் கண்டுபிடிக்க எல்லாருடைய ஆதாரையும் நிறுவனங்களிடம் கொண்டுபோய்க் கொட்டுவதற்குப் பதிலாக, புதிதாகத் தொடங்கும் எந்தக் கணக்கும், யாருடையதாக இருந்தாலும், பூட்டிய நிலையிலேயே பிறக்கட்டும். முன்பின் தெரியாதவர் செய்தி அனுப்ப முடியாது. படத்தைப் பிறர் எடுத்துக்கொள்ள முடியாது. நண்பர் பட்டியல் வெளியே தெரியாது. திறந்துவிட வேண்டும் என்கிற பெரியவர்கள் தாமே திறந்துகொள்ளட்டும். அவர்களுக்கு அது அரை நிமிட வேலை. இது நிறுவனங்களால் முடியாத காரியம் அல்ல என்பதற்கு அவர்களே சான்று. பதின்ம வயதினர் கணக்குகளை இயல்பாகவே மூடி வைத்து, தாம் பின்தொடர்பவர்களிடமிருந்து மட்டும் செய்தி வரும்படியும், இரவு பத்து முதல் காலை ஏழு வரை அறிவிப்புகள் அடங்கியிருக்கும்படியும் இன்ஸ்டாகிராம் ஓர் ஏற்பாட்டை 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கும் கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் அந்தப் பூட்டு மாட்டுவது பிறந்த தேதியைப் பார்த்து. 1-1-2000-இல் பிறந்த எங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது மாட்டாது.

பொருளிலேயே பாதுகாப்பை வைக்கச் சொல்வது நம் அரசுக்குப் புதிதும் அல்ல. 2017 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு கைபேசியிலும் அவசர உதவிப் பொத்தான் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதித்தது; பட்டன் செட்டில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடிக்கலாம், ஸ்மார்ட்போனில் பவர் பொத்தானை மூன்று முறை அழுத்தலாம் என்று நாங்களே அப்போது வாடிக்கையாளர்களுக்குக் காட்டிக்கொடுத்தோம். பெண்களின் பாதுகாப்புக்காக வந்த அந்த ஏற்பாட்டுக்கு எந்தப் பெண்ணின் அடையாள அட்டையையும் யாரும் கேட்கவில்லை. எல்லாச் செட்டிலும் வைத்தார்கள், முடிந்தது. நம் மாநில அரசும் 2025-இல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஐந்து வரை மூடி வைக்க வேண்டும் என்று விதி செய்தபோது, பூட்டைக் கடையில்தான் போட்டதே தவிர, வீட்டுக்கு வீடு போய் ஒப்புதல் வாங்கவில்லை. உயர் நீதிமன்றமும் அந்த விதியை ஏற்றது. 2027 மே மாதத்துக்கு முன் 10-ஆவது விதியைத் திருத்த அரசுக்குக் காலம் இருக்கிறது.

எங்களைப் போன்ற கடைக்காரர்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். போக்சோ சட்டத்தின் 20-ஆவது பிரிவு, இத்தகைய படங்களைக் கண்டால் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியவர்கள் என்று விடுதிகளையும் மருத்துவமனைகளையும் புகைப்பட நிலையங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 2012-இல் எழுதிய சட்டம் என்பதாலோ என்னவோ, சர்வீஸ் கடைகள் அதில் இல்லை. 19-ஆவது பிரிவின்படி எவருக்கும் அந்தக் கடமை உண்டு என்பதால் நாங்களும் அதில் அடக்கம் என்பதை நான் அறிந்ததே அண்மையில்தான். டிஸ்பிளே மாற்ற வந்த செட்டைத் திறந்து சோதிக்கும்போது எங்கள் பையன்கள் எதையெல்லாம் பார்க்க நேர்கிறது என்பது எங்களுக்குத்தான் தெரியும். பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பயந்துகொண்டு செட்டை மூடித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நிறுவனத்து விற்பனைப் பிரதிநிதிகள் புதிய மாடலின் சலுகையைச் சொல்ல மாதம் தவறாமல் கூட்டம் போடுகிறார்கள். திருட்டுச் செட்டு வந்ததா, விற்றவரின் ஆதார் நகலை வாங்கி வைத்திருக்கிறோமா என்று பழைய செட்டுக்கான பதிவேட்டைப் பார்க்கக் காவல்துறையினரும் அவ்வப்போது வருகிறார்கள். எங்கள் கடைக்கு வழி தெரிந்த அவர்கள், அடுத்த முறை வரும்போது ஒரு துண்டறிக்கையைக் கொண்டுவந்தால் போதும்: பிள்ளைக்குக் கணக்கு தொடங்கும்போது எதை மூட வேண்டும், போலிக் கணக்கு வந்தால் எங்கே எழுத வேண்டும், எந்தப் படத்தைக் கண்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம்.

இப்போதைக்கு என் கடையில் நான் செய்திருப்பது இவ்வளவுதான். பிறந்த தேதியைப் பிள்ளையின் பள்ளி அடையாள அட்டையைப் பார்த்துத்தான் போட வேண்டும் என்று பையனிடம் சொல்லியிருக்கிறேன். பெற்றோரின் மின்னஞ்சலைக் கேட்டால், முதலில் தாய்க்கு ஒன்றைத் தொடங்கிக் கொடுத்துவிட்டுப் பிறகு பிள்ளைக்குப் போகிறோம். ஒரு செட்டுக்குக் கால் மணி நேரம் கூடுதலாகிறது. பக்கத்துக் கடையில் ஐந்து நிமிடத்தில் முடித்துத் தருகிறார்கள் என்று சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். போகிறவர்களை நான் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கும் பேருந்து நிற்காது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால் என் பெயரையும் கடையின் பெயரையும் ஊரின் பெயரையும் தவிர்த்துவிடுங்கள். பாதிக்கப்பட்ட குழந்தையை இன்னார் என்று காட்டிக்கொடுக்கும் எந்த விவரத்தையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்று போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு சொல்வது தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் ஊர் சிறியது. கடை எது என்று தெரிந்தால், அங்கே அந்தச் சனிக்கிழமை வந்து நின்ற பெண் யார் என்பதையும் கண்டுபிடித்துவிடுவார்கள். அவள் இப்போது பதினோராம் வகுப்பில் படிக்கிறாள்.

இப்படிக்கு,
கைபேசிக் கடைக்காரர் ஒருவர்,
தென்காசி மாவட்டம்.